முந்நூறு அடி உயரத்தில் எஞ்சின் இழுக்காவிட்டால்

விமானி ஆக ஆசைப்படும் மகனையோ மகளையோ பயிற்சிப் பள்ளியில் சேர்க்க வரும் பெற்றோர் வழக்கமாக மூன்று விஷயம் கேட்கிறார்கள். மொத்தக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் முடியும், படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது. மூன்றும் நியாயமான கேள்விகள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் எடுத்த குடும்பம் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. நான்காவதாக இன்னொரு கேள்வி இருக்கிறது. சேர்க்கை மேசையில் அது அபூர்வமாகத்தான் எழுகிறது. ‘விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பி முந்நூறு அடி ஏறியிருக்கும்போது எஞ்சின் சக்தி குறைந்தால் என் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? அதை எப்போது, எத்தனை முறை பழக்குவீர்கள்?’

இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி செஸ்னா 152, செஸ்னா 172, பைப்பர், டெக்னாம் போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களில்தான் கழிகிறது. அந்த மணி நேரங்களில் மாணவர் நூற்றுக்கணக்கான முறை எழும்பி இறங்குவார். ஒவ்வொரு முறையும், சக்கரம் தரையை விட்ட பிறகு ஏறத்தாழ ஒரு நிமிடம், அந்த ஒரே எஞ்சினைத் தவிர வேறு துணை கிடையாது. வேகம் குறைவு, உயரம் குறைவு, கையில் நேரமும் குறைவு.

அந்த ஒரு நிமிடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் செஸ்னா 172எஸ் ரகம் சுமார் 55 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்குகிறது. 74 நாட் வேகத்தில் மேலே ஏறுகிறது. அப்போது மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எஞ்சின் நின்றால் வேகம் சில வினாடிகளில் கரைந்துவிடும். விமானி உடனே மூக்கைக் கீழே அழுத்த வேண்டும். தரை அருகில் இருக்கும்போது கைப்பிடியை முன்னால் தள்ள மனம் ஒப்பாது. உடம்பே அதற்கு எதிராக நிற்கும். என்ன நடக்கிறது என்று மூளை புரிந்துகொள்வதற்கே மூன்று நான்கு வினாடி போய்விடும். மூக்கு தூக்கியபடியே இருந்தால் இறக்கைகள் தாங்கும் சக்தியை இழக்கும். விமானிகள் இதை ‘ஸ்டால்’ என்பார்கள். முந்நூறு அடியில் ஸ்டால் ஆன விமானத்தை மீட்க உயரம் போதாது.

இந்த நிலைமைக்கு விமானத்தின் கையேடு சொல்லும் வழி சுருக்கமானது. மூக்கைத் தாழ்த்து. இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃபிளாப்பை இறக்காவிட்டால் 70 நாட், இறக்கினால் 65 நாட் வேகத்தைப் பிடி. நேரம் இருந்தால் எரிபொருளையும் மின்சாரத்தையும் நிறுத்து, கதவின் பூட்டை விடுவி. நேராக முன்னால் இறங்கு. கொஞ்சம் இடமோ வலமோ திரும்பி மரத்தையும் கட்டடத்தையும் தவிர்க்கலாம், அவ்வளவுதான். வயல், காலி மனை, புதர்க்காடு என எதுவானாலும் சரி. இறக்கைகள் மட்டத்தில் இருக்க, கட்டுப்பாட்டோடு, குறைந்த வேகத்தில் தரையைத் தொடும் விமானத்தில், தோள்பட்டையையும் இறுக்கிப் பிடித்த பெல்ட்டோடு இருப்பவர் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விமானம் நொறுங்கலாம். நொறுங்கட்டும்.

ஆனால் பின்னால் ஓடுபாதை இருக்கிறதே! பளபளவென்று, காலியாக, பாதுகாப்பாக. மனித மனம் அங்கேதான் திரும்பச் சொல்கிறது. திரும்பினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 70 நாட் வேகத்தில், இறக்கையை 45 பாகை சாய்த்துத் திரும்பினால் அந்த வட்டத்தின் ஆரம் சுமார் 130 மீட்டர். அரை வட்டம் முடிந்து விமானம் எதிர்த்திசையைப் பார்க்கும்போது ஓடுபாதை நேர் எதிரே இருக்காது. 260 மீட்டர் பக்கவாட்டில் கிடக்கும். அதை எட்ட இன்னும் திரும்ப வேண்டும், பிறகு மறுபடி நேராக்க வேண்டும். இதற்குள் உயரம் தீர்ந்துகொண்டே இருக்கும். சாய்வு கூடக்கூட ஸ்டால் ஆகும் வேகமும் கூடுகிறது. நேராகப் பறக்கையில் 48 நாட்டில் ஸ்டால் ஆகும் இதே விமானம், உயரம் குறையாமல் 45 பாகைச் சாய்வில் திரும்பும்போது 57 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். 60 பாகையில் அது 68 நாட். எஞ்சின் இல்லாமல் மிதந்து இறங்குவதற்குச் சிறந்த வேகமும் அதே 68 நாட்தான். பதற்றத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்து, கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் போதும், பாதுகாப்பு இடைவெளி மொத்தமும் காணாமல் போகிறது.

இதோடு காற்றையும் சேர்க்க வேண்டும். விமானங்கள் எதிர்க்காற்றில் எழும்புகின்றன. முன்னால் இறங்கினால் அந்தக் காற்று தரை வேகத்தைக் குறைக்கும். திரும்பி வந்தால் அதே காற்று முதுகைத் தள்ளும். 10 நாட் காற்றில் 60 நாட் வேகத்தோடு தரையைத் தொடும் விமானம் ஒரு பக்கம் 50 நாட்டிலும் மறுபக்கம் 70 நாட்டிலும் மோதுகிறது. மோதலின் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரோஜர்ஸ் 1995-இல் இந்தத் திருப்பத்தைக் கணித ரீதியாக ஆராய்ந்தார். போதிய உயரமும் 45 பாகைச் சாய்வும் துல்லியமான வேகக் கட்டுப்பாடும் இருந்தால் அது சாத்தியமே என்று காட்டினார். அந்தத் துல்லியத்தை நாற்பது மணி நேரம் பறந்த மாணவரிடம், அதுவும் அதிர்ச்சியின் முதல் வினாடிகளில் எதிர்பார்ப்பது கொடுமை.

இதுவரை பேசியது எஞ்சின் அடியோடு நின்றுபோனால் என்ன ஆகும் என்பது. பலரும் அறியாத விஷயம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. பாதி இழுக்கும் எஞ்சின், நின்றுபோன எஞ்சினைவிட ஆபத்தானது.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2000 முதல் 2010 வரை தன்னிடம் பதிவான ஒற்றை எஞ்சின் விமானச் சம்பவங்களை அலசியது. எழும்பிய பிறகு எஞ்சின் ஓரளவு மட்டும் சக்தி இழந்த சம்பவங்கள் 242. முழுதாக நின்றுபோனவை 75. முதல் வகையில் ஒன்பது சம்பவங்கள் உயிர்ப்பலியில் முடிந்தன. இரண்டாவது வகையில் உயிர்ப்பலி ஒன்றுகூட இல்லை.

காரணம் எஞ்சினில் மட்டும் இல்லை, நம்பிக்கையிலும் இருக்கிறது. முழுதாக நின்றுவிட்டால் விமானிக்கு வேறு வழி கிடையாது. மூக்கைத் தாழ்த்தி இறங்கிவிடுகிறார். பாதி சக்தி இருக்கும்போது, ‘இழுத்துக்கொண்டுதானே இருக்கிறது, ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கிவிடலாம்’ என்று தோன்றுகிறது. உதறிக்கொண்டே ஓடும் எஞ்சினோடு, உயரத்தை இழக்க மனமில்லாமல் மூக்கைத் தூக்கியபடி, ஓடுபாதைப் பக்கம் மெல்லத் திரும்புகிறார். வேகம் குறைவது கண்ணில் படுவதில்லை. எஞ்சின் நடுவில் முழுதாக நின்றால், அப்போது கீழே வயல் இருக்காது, வீடுகள்தான் இருக்கும். அந்தப் பணியகம் இதற்கென்றே ஒரு சிறு கையேடு வெளியிட்டிருக்கிறது. அதன் சாரம் எளிது: என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்; சக்தி குறைந்தால் முதலில் வேகத்தைக் காப்பாற்று; அதிகம் சாய்க்காதே.

புறப்படும் முன் முடிவு செய்வதென்றால் மனதுக்குள் நினைத்துக்கொள்வது போதாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓடுபாதை முனையில் நின்று, ‘தரையில் இருக்கும்போது எது சரியில்லை என்றாலும் த்ராட்டிலை இழுத்து, பிரேக் பிடித்து நிற்பேன். எழும்பிய பிறகு ஓடுபாதை மிச்சமிருந்தால் அதிலேயே இறங்குவேன். அதற்கு மேலே, ஆயிரம் அடிக்குள் என்றால் முன்னால் இடப்பக்கத்தில் இருக்கும் தரிசு நிலம். திரும்ப மாட்டேன்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்வது. கேட்க யாரும் இல்லாத சோலோவிலும் சொல்வது. பன்னிரண்டு வினாடிகூட ஆகாது. எந்த உயரத்துக்குக் கீழே திரும்பக் கூடாது என்பதை இன்ஸ்ட்ரக்டர் அந்தந்த விமானத்துக்கும் அந்தந்த விமான நிலையத்துக்கும் ஏற்ப வகுத்துத் தர வேண்டும். நெருக்கமாக வீடுகள் சூழ்ந்த விமான நிலையத்தில், முன்னால் இறங்க இடம் எது என்று கூகுள் வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்து வைப்பதும் பயிற்சியின் பகுதிதான்.

அநேக நேரங்களில் எச்சரிக்கை அதற்கும் முன்னால், தரையிலேயே கிடைத்துவிடுகிறது. ஓடத் தொடங்கிய முதல் சில வினாடிகளில் 172எஸ் எஞ்சின் முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 2,300 சுற்றாவது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். எழும்பும் வேகத்தில் எழுபது சதவீதத்தை ஓடுபாதையின் பாதிக்குள் எட்டவில்லை என்றாலும் நிறுத்திவிட வேண்டும் என்பது பழைய விமானிகள் கைக்கொள்ளும் ஒரு அளவுகோல். நிறுத்தினால் போவது பத்து நிமிடமும் கொஞ்சம் பிரேக் தேய்மானமும்.

எஞ்சின் ஏன் சக்தி இழக்கிறது? இயந்திரம் உடைவது ஒரு காரணம். ஆனால் எரிபொருளைச் சுற்றியே வரும் காரணங்கள் பல, அவற்றை மாணவரே கண்ணால் பார்த்துப் பிடிக்கலாம்.

காலையில், விமானங்கள் நிற்கும் ஏப்ரனில் நடக்கும் எரிபொருள் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். கையில் ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் குவளை, நடுவில் சிறு குச்சி. இறக்கைக்கு அடியில் குனிந்து அந்தக் குச்சியால் வால்வை மேலே அழுத்தினால் எரிபொருள் குவளைக்குள் கொட்டும். 172எஸ் விமானத்தில் இப்படிப் பதின்மூன்று இடங்கள் உண்டு: ஒவ்வொரு இறக்கையிலும் ஐந்து, வயிற்றுப் பகுதியில் மூன்று. குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஏவ்காஸ் எனப்படும் விமானப் பெட்ரோல் மெல்லிய நீலமாகத் தெரிய வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அது கனம் என்பதால் அடியில் முத்து முத்தாக உருளும், அல்லது அடியில் ஒரு கோடு விழும். இதில் ஒரு பொறி இருக்கிறது. குவளை முழுக்கத் தண்ணீராகவே வந்துவிட்டால் கோடும் இருக்காது, முத்தும் இருக்காது. தெளிந்த திரவம் மட்டும் இருக்கும். அவசரத்தில் பார்ப்பவர் ‘சுத்தமாக இருக்கிறது’ என்று நினைத்துவிடுவார். நீலம் இருக்கிறதா, பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பார்ப்பது அதனால்தான். மழைக்காலத்தில் திறந்த வெளியில் நிற்கும் விமானத்தில், டேங்க் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் ஒரே இரவில் தண்ணீர் இறங்கிவிடும். பதின்மூன்று முறை குனிவது முதுகுக்கு வலிதான். ஒன்றைக்கூட விடக் கூடாது.

இன்னொரு ஆபத்து, எரிபொருளே மாறிப்போவது. ஒரே பள்ளியில் ஏவ்காஸில் ஓடும் செஸ்னாவும், ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் வகை எஞ்சின் கொண்ட டைமண்ட் விமானமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் வகை. நிறமில்லாமலோ லேசான வைக்கோல் நிறத்திலோ இருக்கும். தவறுதலாகச் செஸ்னாவில் அதை ஊற்றினாலும் குழாய்களில் மிச்சமிருக்கும் பழைய ஏவ்காஸில் எஞ்சின் கிளம்பும், ஓடுபாதை வரை உருளும், புறப்படும் முன் எஞ்சினைச் சோதிக்கும் ஓட்டத்தில் தேறும். எழும்பிய பிறகுதான் கைவிடும். எரிபொருள் நிரப்பும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதும் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதும் மாணவரின் வேலையே.

பைப்பர் விமானங்களில் இடது, வலது டேங்குகளை மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டிலிருந்தும் ஒருசேர எடுக்கும் வசதி இல்லை. புறப்படும் கடைசி நிமிடத்தில் டேங்கை மாற்றிவிட்டு எழும்பினால், புது டேங்கில் இருக்கும் கோளாறு ஆகாயத்தில்தான் தெரியவரும். மாற்றுவதாக இருந்தால் சோதனை ஓட்டத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

கார்புரேட்டரில் பனி கட்டும் என்று சொன்னால் வெயில் ஊர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். எரிபொருள் ஆவியாகும்போதும், குறுகிய வழியில் காற்று விரையும்போதும் உள்ளே வெப்பநிலை சரேலென விழுகிறது. வெளியே 25 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரப்பதம் அதிகமென்றால், எஞ்சின் மெதுவாக ஓடியபடி நெடுநேரம் காத்திருக்கையில் உள்ளே பனி படியலாம். செஸ்னா 152-இலும் பழைய 172 ரகங்களிலும் கார்புரேட்டர் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் மறுபடி தயாரிக்கத் தொடங்கிய 172-களில் எரிபொருள் நேராகத் தெளிக்கப்படுவதால் இந்தத் தொல்லை இல்லை. சோதனை ஓட்டத்தில் கார்புரேட்டர் வெப்பத்தை இழுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். அதே ஓட்டத்தில், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கிறார்கள். 172எஸ் என்றால் 1,800 சுற்றில் ஓடும்போது எந்த ஒன்றிலும் 150-க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசம் கூடாது. 170 குறைந்தால்? திரும்பிப் போக வேண்டும்.

எழுத எளிது. ஏழு மணிக்கு வரிசையில் நிற்கும் மாணவருக்கு எளிதல்ல. அவருக்கு இன்று பறக்கக் கிடைத்தது ஒரு மணி நேரம். மூன்று வாரமாக மோசமான வானிலை. பின்னால் இன்னும் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். ‘சார், மேக் டிராப் அதிகமா இருக்கு’ என்று ரேடியோவில் சொல்லிவிட்டுத் திரும்பினால் அந்த மணி நேரத்துக்கான பணம் போகுமா, இன்ஸ்ட்ரக்டர் முகம் சுளிப்பாரா, அடுத்த முறை பெயர் பட்டியலில் கீழே போகுமா என்ற பயம். இந்தப் பயம் இருக்கும் இடத்தில் எந்தக் கையேடும் வேலை செய்யாது. ஆகவே ‘பறக்கமாட்டேன்’ என்று சொல்வது மாணவரின் உரிமை என்பதைப் பள்ளி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். கோளாறு காரணமாகத் திரும்பிய நேரத்துக்குக் கட்டணம் கிடையாது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சேரும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய மிக முக்கியமான வரி அதுதான்.

சட்டமும் இங்கே மாணவர் பக்கம்தான் நிற்கிறது. இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்தால் அவர் விமானத்தின் பொறுப்பு விமானி. சோலோ என்றால் அந்தப் பொறுப்பு மாணவருடையது. பொறுப்பு என் தலையில் என்றால் விமானத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு வேண்டும் என்று அவர் கேட்கலாம். டெக் லாக் புத்தகத்தைத் திறந்து, முந்தைய விமானி எழுதிய கோளாறு என்ன, அது சரிசெய்யப்பட்டதாக உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திட்டிருக்கிறாரா என்று பார்ப்பது யாரிடமும் சலுகை கேட்பதல்ல. ‘அதெல்லாம் எழுத வேண்டாம், சும்மா சொல்லிடு’ என்று ஒரு பள்ளியில் சொன்னால் அது பெரிய அபாயச் சங்கு. எழுதப்படாத கோளாறு அடுத்த மாணவருக்குத் தெரியாது.

எரிபொருள் விஷயத்தில் மாணவரின் குவளையால் கண்டுபிடிக்க முடியாத ஆபத்தும் உண்டு. அப்போது யார் பொறுப்பு என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சம்பவம் நல்ல பாடம். மெல்போர்னில் ஆல்டோனா என்ற இடத்தில் இருந்த மொபில் சுத்திகரிப்பு ஆலையில் 1999-இன் கடைசி வாரங்களில் தயாரான ஏவ்காஸில் எத்திலீன்டையமின் என்ற வேதிப்பொருள் மிகச் சிறு அளவில் தங்கிவிட்டது. ஆலைக்குள் துருவைத் தடுக்கச் சேர்க்கப்படும் பொருள் அது. காரக் கழுவலில் நீங்கியிருக்க வேண்டும், நீங்கவில்லை. விமானங்களுக்குள் போனதும் பித்தளை போன்ற செம்பு கலந்த பாகங்களோடு அது வினைபுரிந்து கரும் பிசினாகப் படிந்து எரிபொருள் வழிகளை அடைத்தது. வழக்கமான தரச் சோதனைகளில் அந்தச் சிறு அளவு சிக்கவில்லை. 2000 ஜனவரியில் கிழக்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 5,000 சிறு விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. எதில் படிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே புதிதாக ஒரு சோதனை முறை தேவைப்பட்டது.

ஒழுங்குமுறை அமைப்பு விமானங்களை நிறுத்தியதால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் வாரக்கணக்கில் ஒரு மணி நேரம்கூடப் பறக்க முடியாத பயிற்சிப் பள்ளிகளின் நஷ்டம்? மூராபின் விமான நிலையத்தைச் சேர்ந்த ஷட் ஃப்ளையிங் அகாடமி என்ற பயிற்சிப் பள்ளி, பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் சேர்த்து மொபில் மீது விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் குழு வழக்குப் போட்டது. இப்படிக் கூட்டாக வழக்குத் தொடுக்க முடியுமா என்பதே பெரிய சட்டப் போராட்டமாகி, அதற்கு இடம் தந்த விக்டோரியா மாநிலச் சட்டத்தை எதிர்த்து மொபில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த நாட்டில் உயர் நீதிமன்றம்தான் தலைமை நீதிமன்றம். 2002-இல் அது மொபிலின் வாதத்தை நிராகரித்து, சட்டம் செல்லும் என்றது. தனியாக நின்றிருந்தால் ஒரு சிறு பயிற்சிப் பள்ளியால் எண்ணெய் நிறுவனத்தை எதிர்த்து அவ்வளவு தூரம் போயிருக்க முடியுமா என்பது சந்தேகமே.

இந்தியாவில் வழிகள் வேறு. பயிற்சிப் பள்ளிகளுக்கு அனுமதி தருவதும் தணிக்கை செய்வதும் டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். பள்ளிகளைத் தரப்படுத்திப் பட்டியல் வெளியிடும் முறையையும் 2025-இல் அது தொடங்கியிருக்கிறது. சேரும் முன் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். விபத்துகளை விசாரிப்பது வேறொரு அமைப்பு: ஏஏஐபி எனப்படும் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம், 2012-இல் உருவானது. விமான விபத்து விசாரணை விதிகளின்படி விபத்தையும் கடுமையான சம்பவத்தையும் தெரிவிப்பது கட்டாயம். எழும்பும்போது எஞ்சின் சக்தி குறைந்து, நல்லவேளையாக ஓடுபாதையிலேயே இறங்கிவிட்டாலும், ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று விட்டுவிடக் கூடாது. பள்ளி தெரிவிக்கத் தயங்கினால் டிஜிசிஏவின் தன்னார்வத் தகவல் முறையில் மாணவரே தெரிவிக்கலாம். பதில் இல்லையென்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையத்தளத்தில் புகார் பதியலாம்.

ஏஏஐபியின் இறுதி அறிக்கைகள் அதன் இணையத்தளத்திலேயே கிடைக்கின்றன. பயிற்சி விமானங்களைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துப் படித்தாலே ஒரு மாணவருக்குப் பாதிப் பாடப் புத்தகம் கிடைத்த மாதிரி. அவற்றில் கிடைக்காத அரசு ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எல்லாமே கிடைக்கும் என்று சொல்ல முடியாது, சில விலக்குகள் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

காப்பீடுதான் பல குடும்பங்கள் கவனிக்காத இடம். இந்தியாவில் விற்கப்படும் தனிநபர் விபத்துப் பாலிசிகள் பலவற்றில், உரிமம் பெற்ற விமானத்தில் பயணியாகப் போவதைத் தவிர்த்து மற்ற விமானச் செயல்பாடுகளில் ஏற்படும் விபத்துக்கு இழப்பீடு கிடையாது என்ற விலக்கு இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்திருக்கும் மாணவர் பயணி அல்ல. டிக்கெட் வாங்கிப் போகும் பயணிக்குச் சட்டம் தரும் இழப்பீடு பயிற்சி மாணவருக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எனவே பள்ளியிடம் நேராகக் கேட்க வேண்டும்: விமானத்துக்கு மட்டும்தான் காப்பீடா, உள்ளே இருக்கும் மாணவருக்கும் உண்டா, எவ்வளவு தொகை, விமானம் சேதமானால் அந்தச் செலவை மாணவர் தலையில் கட்டும் வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா? பதிலை வாயால் வாங்கக் கூடாது, பாலிசியின் நகலாக வாங்க வேண்டும். ‘என்ன நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல’ என்ற உறுதிமொழித் தாளில் கையெழுத்து போட்டுவிட்டவர்களும், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாமல் ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தாளைக் காட்ட வேண்டும். பராமரிப்பில் அலட்சியம் இருந்ததென்றால் அதைத் தனியாகக் கேள்வி கேட்க முடியும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் தொடர்பான ஒரு வழக்கில், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பயிற்சி மையங்கள் வரும் என்று தேசிய ஆணையம் 2020-இல் சொன்னது. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. விமானப் பயிற்சிப் பள்ளி இதில் எந்தப் பக்கம் என்பது வாதத்துக்கு உரியது. புகார் எழுதும் வழக்கறிஞர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் முதல் சில மணி நேரம் முக்கியம். காயமில்லை என்று தோன்றினாலும் மருத்துவமனையில் பரிசோதனை. ஆட்களை மீட்பதற்குத் தவிர, சிதைவுகளை அனுமதியின்றி நகர்த்த யாருக்கும் உரிமை இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் ஸ்விட்சுகள், எரிபொருள் வால்வு, த்ராட்டில் எந்த நிலையில் இருக்கின்றன என்று தொடாமல் படம் எடுத்து வைக்கலாம். அன்று எரிபொருள் நிரப்பிய வண்டியிலிருந்தும் சேமிப்புத் தொட்டியிலிருந்தும் மாதிரி எடுத்து முத்திரையிடப்பட்டதா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்க வேண்டும். அதே எரிபொருளில் மறுநாள் இன்னொரு மாணவர் பறக்கப் போகிறார். மாணவர் தன் வாக்குமூலத்தை அன்றே, நினைவு மங்கும் முன், தனக்கு வசதியான மொழியில் எழுதி ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி நிர்வாகம் எழுதித் தரும் தாளில் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது.

உயிரிழப்பு நேர்ந்த குடும்பங்களுக்கு இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். சர்வதேச விதிகளின்படி ஏஏஐபி விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே; யார் குற்றவாளி என்று தீர்ப்பதோ இழப்பீடு வாங்கித் தருவதோ அதன் வேலை அல்ல. முதல்கட்ட அறிக்கை 30 நாளிலும் இறுதி அறிக்கை இயன்றவரை 12 மாதத்திலும் வர வேண்டும் என்பது நெறி. இறுதி அறிக்கை அதைத் தாண்டியும் இழுக்கலாம். அலட்சியத்தால் நேர்ந்த மரணத்துக்கு, 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகளுக்காக இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாம். அதற்கான காலவரம்பு மரணம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான். நுகர்வோர் புகாருக்கும் அதே இரண்டு ஆண்டு. இறுதி அறிக்கை வரட்டும் என்று காத்திருந்த குடும்பத்துக்கு, அறிக்கை கைக்கு வரும்போது நீதிமன்றக் கதவு மூடியிருக்கலாம். அறிக்கைக்குக் காத்திராமல் முதல் சில மாதங்களுக்குள்ளேயே வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.